மிஞ்சிய சாப்பாட்டை எடுத்துப்போக எந்த வண்டி?

வாசகர் கேள்வி, 9 மே 2024

கல்யாண மண்டபத்தில் மிஞ்சுவதை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் குழுக்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் இருபது பேர் சாப்பாட்டுக்காக டாடா ஏஸ் வண்டியை நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு ஓட்டினால், மிச்சப்படுத்தியதைவிட விட்ட புகை அதிகமாகிவிடாதா? சைக்கிளிலும் பேட்டரி வண்டியிலும் கொண்டுபோவது உண்மையில் நடக்கிற வேலையா, போட்டோவுக்கு மட்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

10 மே 2024

மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் இதைச் செய்கிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். தண்ணீர் கேன் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மூன்று சக்கர மிதிவண்டிதான் எங்களுடைய முக்கிய வண்டி. தூரம் அதிகமானால் ஒரு பேட்டரி ஆட்டோ. நடக்கிற வேலைதான்.

புகைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டாடா ஏஸ் நகருக்குள் லிட்டருக்கு 18, 20 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 140 கிராம். போக வர 20 கிலோமீட்டர் என்றால் 2.8 கிலோ.

இருபது பேர் சோற்றுக்கு அரிசி மட்டும் 3 கிலோ. நெல் வயலில் நிற்கும் தண்ணீரிலிருந்து மீத்தேன் வருவதால் அரிசிக்குக் கணக்கு கூட. உலக அளவில் நடந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிக் கணக்கிட்டால், ஒரு கிலோ அரிசிக்கு 4 கிலோவுக்கு மேல் வருகிறது. ஆக 12 கிலோ, சாம்பார், பொரியல், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்க்காமலே. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வண்டி பெரிய விஷயம் இல்லை.

10 மே, இரவு

மேலே போட்ட கணக்கை யாராவது அப்படியே எடுத்துக்கொண்டு "அப்போ டீசல் வண்டியே போதும்" என்று கிளம்புவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த 12 கிலோ ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்டது. சோற்றை யார் சாப்பிட்டாலும் அது திரும்பி வராது. நாம் உண்மையில் தடுக்கிறது இரண்டைத்தான். ஒன்று, குப்பைமேட்டுக்குப் போய் அழுகி மீத்தேன் ஆவது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததே, அதை எரியவைத்ததில் இந்த வாயுவுக்கும் பங்கு உண்டு. இரண்டாவது, வாங்கிக்கொள்கிறவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாமல் இருப்பது.

இந்த இரண்டாவது நடக்க வேண்டுமானால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்குப் போய் "சாப்பாடு வந்திருக்கு" என்றால், ஏழு மணிக்கே உலை வைத்து வடித்த சோறு அங்கே இருக்கும். ஒன்று நம்முடையது வீணாகும், இல்லாவிட்டால் அவர்களுடையது. அதனால் மண்டபத்தில் கூட்டம் குறைவு என்று தெரிந்த உடனே, ஐந்தரை ஆறு மணிக்கே, ஒரு போன். "இன்னைக்கு வரும் போலிருக்கு, சாதம் மட்டும் வைக்காதீங்க" என்று. வராமல் போனால்? அதனால்தான் "வரும்" என்று உறுதியாகத் தெரியாமல் நாங்கள் சொல்வதில்லை. ஒரு குடும்பத்தைப் பசியோடு காத்திருக்க வைப்பதைவிட, சொல்லாமல் கொண்டுபோய்க் கொஞ்சம் வீணாவது மேல்.

சமைக்கவே வழியில்லாதவர் சாப்பிட்டால் அங்கே எந்த அடுப்பும் அணையாது. கணக்கில் ஒன்றும் ஏறாது. அதனால் என்ன, அவர் சாப்பிட்டார்.

13 மே 2024

பேட்டரி வண்டி பற்றிக் கேட்டிருந்தார்கள். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர பேட்டரி வண்டி ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்தில் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் தயாராக 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, நிலக்கரிதான் அதிகம் என்பதால். கிலோமீட்டருக்கு 60, 70 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஸ்கூட்டரும் கிலோமீட்டருக்கு 50 கிராம் விடுகிறது! வித்தியாசம் சுமையில்தான். ஸ்கூட்டரில் ஒரு ஹாட்பாக்ஸ், முன்னால் இரண்டு பை. பேட்டரி வண்டியில் நாலு அண்டா, சாதத் தேக்சா, தட்டுகள், கூட ஒரு ஆள். நாலு தொண்டர்கள் நாலு ஸ்கூட்டரில் பறப்பதைவிட இது எவ்வளவோ தேவலை.

காரில் வந்து உதவுகிற நண்பர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று கிலோ பிரிஞ்சிக்காக வேளச்சேரியிலிருந்து ஒரு கார் வந்து போனால், அந்த இடத்தில்தான் முதல் கேள்வி கேட்டவருடைய பயம் நிஜமாகிறது.

14 மே 2024

நேற்று எழுதியபோது விட்டுப்போனது. புகையை வைத்து மட்டும் பார்த்தால் மிதிவண்டிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. வேன் வைத்திருக்கிற குழு ஐம்பது, நூறு பேர் சாப்பாடு இருந்தால்தான் வரும். டிரைவர் சம்பளம், டீசல் எல்லாம் பார்த்தால் அவர்கள் செய்வது நியாயம். ஆனால் மிஞ்சுவது எப்போதும் நூறு பேர் சாப்பாடாகவா மிஞ்சுகிறது? சீமந்தம், காது குத்து, மாடி ஹாலில் நடக்கிற அறுபதாம் கல்யாணம், பத்து மணிக்குக் கடை சாத்துகிற மெஸ், பேக்கரி. எட்டு பேருக்கு, பன்னிரண்டு பேருக்கு, சில நாள் ஐந்து பேருக்கு. இதற்கெல்லாம் யாரும் போன் செய்யவே மாட்டார்கள், செய்தாலும் யாரும் வர மாட்டார்கள். மிதிவண்டி போகும். அது போக ஆரம்பித்ததும் அந்த இடங்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தன. எங்கள் வட்டாரத்தில் மண்டபங்களில் மிஞ்சுவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தெருவுக்குத் தெரு கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சிக்கொண்டிருக்கிறது.

20 மே 2024

"இந்த வெயிலில் சைக்கிளில் போனால் சாப்பாடு கெட்டுப்போகாதா?"

போகும், தூரம் போனால். உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிய விதி: சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் இருப்பதெல்லாம் கிருமி பெருகும் இடம். அவர்கள் அறை வெப்பம் என்று சொல்வது நம் மே மாதம் இல்லை.

பகல் பந்தி பன்னிரண்டரைக்கு ஆரம்பம் என்றால் சோறு பதினொன்றரைக்கே வடித்திருப்பார்கள். கடைசிப் பந்தி முடிந்து மேனேஜர் போன் செய்யும்போது மணி இரண்டரை. அந்த இரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே ஓடிவிட்டது; சூடு ஆறாமல் இருந்தால்தான் எடுக்க முடியும். பெரிய தேக்சாவில் மூடியே இருந்த சாதம் நடுவில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதை எடுக்கலாம். பந்தியில் பரிமாறத் திறந்து வைத்த வாளிச் சாதம் வேண்டாம். பஃபே மேசையில் நின்ற தட்டு வேண்டவே வேண்டாம்.

சாதத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. பாசிலஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா. அதன் வித்துகள் கொதிக்கிற உலையிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி விஷத்தை விடும். வாந்தி வரவைக்கிற அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. முகர்ந்து பார்த்தாலும் தெரியாது. "நல்லாத்தான் இருக்கு, ஒரு கொதி விட்டா சரியாயிடும்" என்பதை அதனால் நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. இதில் சண்டை கூட வந்திருக்கிறது. ஒரு மண்டபத்தில் நடு ராத்திரிக்கு மேல் கூப்பிட்டு, சாயங்காலம் சமைத்த தயிர் சாதத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். மறுத்ததற்கு "இல்லாதவங்களுக்குத்தானே குடுக்கப் போறீங்க" என்றார் ஒருவர். அந்த மண்டபத்துக்கு நாங்கள் பிறகு போகவில்லை. இல்லாதவர் வயிறும் வயிறுதான், அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வழியும் இல்லாதவர்.

எங்கள் பழக்கத்தில்: தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம், பால் பாயசம், வெள்ளரிப் பச்சடி எடுப்பதில்லை. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு கொதிக்கக் கொதிக்க இருந்தால் எடுப்போம். புளியோதரை, சப்பாத்தி, வடை, அப்பளம், லட்டு, மைசூர்பாகு எல்லாம் தாராளமாக. இலையில் வைத்த எதுவும் எச்சில். அது மாட்டுக்கும் உரக்குழிக்கும்.

மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் மிதிவண்டி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடும். சாயங்கால நெரிசலில் லஸ் கார்னர் பக்கம் வேனும் அவ்வளவு நேரம்தான் எடுக்கிறது. மூன்றுக்கு மேல் போனால் பேட்டரி வண்டி. ஏழு, எட்டுக்கு மேல் சமைத்த உணவைக் கொண்டுபோகவே கூடாது என்பது இப்போது என் கருத்து, எந்த வண்டியானாலும்.

21 மே 2024

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு: மிஞ்சிய உணவை வாங்கி வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தனி விதிமுறை 2019-இல் வந்தது. குழுவாகச் செய்கிறவர்கள் பதிவு செய்துகொள்ளுங்கள். எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்று ஒவ்வொரு பாத்திரத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஒரு மார்க்கரும் பேப்பர் டேப்பும் போதும்.

2 ஜூன் 2024

கண்ணகி நகர் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். "நீங்கள் சொல்கிற மூன்று கிலோமீட்டர் வட்டம் மயிலாப்பூருக்குச் சரி, எங்களுக்கு யார் வருவார்கள்?" என்று. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

கூவம், அடையாறு கரையோரம் இருந்தவர்களை 2000-க்குப் பிறகு கொத்துக் கொத்தாக ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் போக இருபது கிலோமீட்டர் வரும். மண்டபங்கள் எல்லாம் நகருக்குள். ஒரு காலத்தில் அதே மண்டபத்தின் பின்வாசலில் நடந்து வந்து வாங்கிப்போன பாட்டிகளை எனக்குத் தெரியும். இன்றைக்கு அவர்கள் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். மிஞ்சுகிற இடத்துக்கும் பசிக்கிற இடத்துக்கும் நடுவில் இவ்வளவு தூரத்தை உண்டாக்கியது நகரத்தின் திட்டம். அந்தத் தூரத்தைத் தொண்டர்களின் டீசலால் நிரப்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு வழி தெரிகிறது. கண்ணகி நகருக்கு மேற்கே சாலையைத் தாண்டினால் துரைப்பாக்கம் ஐ.டி. கம்பெனிகள். அங்கே கேன்டீன்கள் இருக்கின்றன. பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில் எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று கேன்டீன் கான்ட்ராக்டருக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை நிச்சயம் மிஞ்சும். கல்யாண சாப்பாடு போல முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வருவது இல்லை, வாரத்தில் ஐந்து நாளும் பகல் இரண்டரைக்கு. தூரம் இரண்டு, மூன்று கிலோமீட்டர். உங்கள் பகுதிப் பையன்கள் இரண்டு பேர் ஒரு மூன்று சக்கர வண்டியோடு போதும். மயிலாப்பூரிலிருந்து நாங்கள் வர வேண்டியதே இல்லை. கேன்டீன்காரரிடம் பேச ஆள் வேண்டுமானால் வருகிறேன், பஸ்ஸில்.

3 ஜூன் 2024

மேலே எழுதியதற்கு மறுப்பு வந்திருக்கிறது: கம்பெனிகள் செக்யூரிட்டி கேட்டைத் தாண்ட விடாது, சாப்பாட்டால் ஏதாவது ஆனால் தங்கள் பெயர் கெடும் என்று கொட்டவே செய்வார்கள் என்று. உண்மைதான். கம்பெனியிடம் போகாமல் கேன்டீன் எடுத்திருக்கிற கேட்டரரிடம் முதலில் பேசுங்கள். பாத்திரத்தைக் கழுவுகிறவர்களும் கொட்டுகிறவர்களும் அவர்களுடைய ஆட்கள். கொட்டுவதில் அவர்களுக்கு மனசு வராது.

18 ஜூலை 2024

ஆடி பிறந்துவிட்டது. மண்டபங்கள் காலி. போன் அடங்கிவிட்டது. இந்த மாதமும் மார்கழியும் புதிதாக ஆரம்பிக்கிற குழுக்களை ஏமாற்றிவிடும். முகூர்த்த மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டு வண்டி வாங்கியிருப்பார்கள், இப்போது தவணை கட்டவேண்டும், ஓட வேலை இருக்காது. நாங்கள் சங்கிலி மாற்றி, பேரிங் கிரீஸ் போட்டு, பலகையைச் சரிபார்த்து வைத்திருக்கிறோம். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். அங்கே மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை, குடிக்க வருகிறவர்கள் தெருமுனை வரை நிற்கிறார்கள்.

27 ஜூலை 2024

வேலை இல்லாத மாதத்தில்தான் கேட்க நேரம் கிடைக்கிறது. நாங்கள் வழக்கமாகக் கொடுக்கிற ஒரு குடியிருப்பில் ஓர் அக்கா சொன்னார்: "கல்யாணச் சோறு கொண்டு வரீங்க, சந்தோசம். பசங்க ஆசையா சாப்பிடுதுங்க. ஆனா அது என்னைக்கு வரும்னு தெரியாது. காய் இருந்தா கொண்டாங்க தம்பி, நானே சமைச்சுக்கிறேன். தக்காளி விக்கிற விலைக்கு ரசம் வைக்கவே யோசிக்கிறோம்."

சமைத்த உணவை மட்டுமே உணவாகப் பார்த்துப் பழகிவிட்டோம். காய்கறிக்கு அந்த இரண்டு மணி நேரக் கெடு இல்லை. காலையில் எடுத்து மதியம் கொடுத்தாலும் வாழைக்காய் வாழைக்காய்தான். மெதுவாகப் போகிற வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. கோயம்பேட்டில் மிஞ்சுகிற அளவு பெரியது, ஆனால் அது எங்களுக்குத் தூரம். தெற்கு மாட வீதியில் காய் விற்கிறவர்கள், பழமுதிர்க் கடைகள், சின்ன சூப்பர் மார்க்கெட்கள் இருக்கின்றன. அடிபட்ட கத்தரிக்காய், வாடின கீரை, வளைந்த கேரட். கேட்டுப் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்.

29 ஜூலை 2024

இதை அமெரிக்காவில் ஒரு ஊரே செய்து காட்டியிருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில் 2011-இல் தொடங்கிய போல்டர் ஃபுட் ரெஸ்க்யூ. பனி பெய்கிற மலையடிவார ஊர். அங்கே சைக்கிளுக்குப் பின்னால் இழுவை வண்டி மாட்டி, கடைகளில் மிஞ்சும் காய், பழம், ரொட்டியை எடுத்து நேராகக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோகிறார்கள். நடுவில் கிடங்கு இல்லை. பெரும்பகுதி சைக்கிளில்தான்.

எனக்கு அதில் பிடித்தது சைக்கிள் மட்டும் இல்லை. குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் இறக்கியதும், அதை எப்படிப் பிரிப்பது, எந்த நேரத்தில் வைப்பது, யாருக்கு எடுத்து வைப்பது எல்லாவற்றையும் அங்கே குடியிருக்கிறவர்களே முடிவு செய்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் வரிசையில் நிற்கவைத்துக் கையில் திணிப்பதில்லை.

நம்மிடம் இன்னும் அந்த வரிசை இருக்கிறது. தட்டை நீட்டுகிறவரும் கரண்டி பிடிக்கிறவரும் சேர்ந்து போட்டோ. 2013-இல் அம்மா உணவகம் வந்தபோது இட்லி ஒரு ரூபாய் என்று வைத்தார்கள். அந்த ஒரு ரூபாயைக் கொடுத்துச் சாப்பிட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் போட்டோ கிடையாது. அந்த அக்கா இருக்கும் குடியிருப்பில் இனி அவர்களே பிரித்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். நாங்கள் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவோம்.

11 ஆகஸ்ட் 2024

"வெளிநாட்டு உதாரணம் நமக்கு எதற்கு?" என்று கேட்டவருக்கு. சரி, மும்பைக்கு வாருங்கள். டப்பாவாலாக்கள் 1890-இலிருந்து சமைத்த சாப்பாட்டைத்தான் சுமக்கிறார்கள். புறநகர் ரயில், சைக்கிள், தள்ளுவண்டி, தலைச்சுமை. மோட்டார் வண்டி அவர்களுடைய முறையில் பெரிதாக இல்லவே இல்லை. அவர்களே 2015-இல் ரொட்டி வங்கி என்று ஆரம்பித்து, கல்யாணங்களில் மிஞ்சுவதை எடுத்துத் தெருவில் இருப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஆட்கள், அதே சைக்கிள்.

நம் பக்கத்திலும் குறைவில்லை. கோவையில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட், பெசன்ட் நகரில் 2017-இல் வைத்த ஐயமிட்டு உண் ஃப்ரிட்ஜ். அந்த ஃப்ரிட்ஜை யோசித்துப் பாருங்கள். கொடுக்கிறவர் நடந்து வந்து வைக்கிறார், எடுக்கிறவர் நடந்து வந்து எடுக்கிறார். வண்டியே கிடையாது.

6 செப்டம்பர் 2024

ஆவணி. மூச்சு விட நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். ரிசப்ஷன் சாப்பாடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதிகம் மிஞ்சுவது அதில்தான், கொடுக்கக் கஷ்டமானதும் அதுதான். முடிய பத்தரை, பதினொன்று ஆகிறது. அந்த நேரத்தில் குடியிருப்புகளில் விளக்கு அணைந்திருக்கும். ஆனால் அரசு ஆஸ்பத்திரி வாசலில் தூங்க மாட்டார்கள். ராயப்பேட்டையில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் வெளியே பாயை விரித்துக்கொண்டு இரவெல்லாம் இருப்பார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து, கையில் இருப்பதை மருந்துக்கு வைத்துக்கொண்டு டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறவர்கள். எங்கள் வட்டத்தில் இருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களும் உண்டு, அங்கே முன்பே சொல்லிவிட்டால் காப்பாளர் கதவைத் திறந்து வைப்பார்.

ராத்திரி ஓட்டத்துக்கு மிதிவண்டியில் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மூன்று சக்கர வண்டியில் யாரும் விளக்கு வைப்பதில்லை. வையுங்கள்.

7 செப்டம்பர் 2024

சமையல் மாஸ்டர் ஒருவரிடம் நேற்று பேசிக்கொண்டிருந்தேன். ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டேன். "பொண்ணு வீட்டுக்காரங்க அறுநூறுன்னா நாங்க எழுநூறுக்குப் போடுவோம். பத்தாம போச்சுன்னா பேரு எங்களுக்குத்தான் கெடும். மிஞ்சினா யாரும் கேக்க மாட்டாங்க." பிறகு அவரே சொன்னார், கடைசி உலையை இரண்டாம் பந்தி உட்கார்ந்த பிறகு வைத்தால் அரிசி மிச்சமாகும், சாதம் இருபத்தைந்து நிமிட வேலைதான், ஆனால் மண்டபத்தில் அடுப்பைச் சீக்கிரம் காலி பண்ணச் சொல்கிறார்கள் என்று.

எந்த வண்டியும் சுமக்க வேண்டாத சாப்பாடு சமைக்காமல் மூட்டையில் அரிசியாகவே நிற்பதுதான். இப்போது சாப்பாடு எடுக்கப் போகும் இடத்தில் எல்லாம் இதைப் பேசுகிறோம். ஐ.நா.வின் 2024 அறிக்கையில் 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்றிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில். கல்யாண மண்டபத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் நம் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்க மாட்டோம்.

16 அக்டோபர் 2024

மழை. நேற்று முழுக்கத் தெருவில் தண்ணீர். பேட்டரி வண்டியை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்திவிட்டோம், இந்தத் தண்ணீரில் இறக்க மனசு வரவில்லை. மிதிவண்டியை முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டே போகலாம். அம்மா உணவகங்களில் இன்றும் நாளையும் சாப்பாடு இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. நாங்கள் ஒரு பேக்கரியில் கிடைத்த ரொட்டியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவ்வளவுதான் இன்றைக்கு.

4 ஜனவரி 2025

காய்கறி முயற்சி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். நன்றாகப் போகிறது. மாட வீதிக் கடைக்காரர்கள் முதலில் தயங்கினார்கள், "அழுகினதைக் குடுத்தோம்னு பேரு வந்துடும்" என்று. நாங்கள் அங்கேயே உட்கார்ந்து பொறுக்கி எடுக்கிறோம். சமைக்கலாம் என்று நம் வீட்டுக்கு எடுத்துப்போகிற காயை மட்டும் கூடையில் போடுகிறோம். மீதி மாட்டுக்கு. குடியிருப்பில் அந்த அக்காவும் இன்னும் சிலரும் மாடிப்படி அடியில் பெஞ்ச் போட்டு வைக்கிறார்கள். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்கிறார்கள். யார் எவ்வளவு எடுத்தார் என்று நாங்கள் கேட்பதில்லை. முள்ளங்கி மட்டும் எப்போதும் மிஞ்சுகிறதாம்.

கல்யாணச் சாப்பாடு திருவிழா மாதிரி வரும், போகும். இது மார்கழியிலும் நிற்கவில்லை.

9 பிப்ரவரி 2025

மதுரையிலிருந்து ஒருவர், பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டுப் பேட்டரி வண்டி வாங்கப் போகிறோம், எந்த மாடல் நல்லது என்று கேட்கிறார். இப்போது வாங்காதீர்கள். தெப்பக்குளமோ அண்ணா நகரோ, உங்கள் இடத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு மாதம் நடந்து பாருங்கள். மண்டபம், மெஸ், விடுதி, பேக்கரி எங்கே, வாங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் எங்கே, எந்த நேரத்தில் என்று எழுதி வையுங்கள். 1999-இல் முதல் உழவர் சந்தை உங்கள் அண்ணா நகரில்தான் வந்தது. மதியம் கடை கட்டும் நேரத்தில் அங்கே போய் நின்று பாருங்கள், கீரைக்காரர்கள் திரும்ப ஊருக்கு எடுத்துப்போக விரும்ப மாட்டார்கள்.

அதுவரைக்கும் தண்ணீர் கேன் கடையில் வண்டியைக் கேளுங்கள். அவர்கள் வேலை சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும், ராத்திரி வண்டி சும்மாதான் நிற்கும். எங்களுக்கு அப்படித்தான் முதல் வண்டி கிடைத்தது. வாடகைக்குப் பதில் டயர் தேய்ந்தால் நாங்கள் மாற்றிக் கொடுப்பதாகப் பேச்சு.

9 பிப்ரவரி, பிற்பாடு

அண்டா சிந்தாமல் கொண்டுபோவது எப்படி என்றும் அவரே கேட்டிருக்கிறார். முக்கால் பங்குக்கு மேல் சாம்பார் ஊற்ற வேண்டாம். வாய் மேல் ஒரு வாழை இலையைப் பரப்பி, அதன் மேல் மூடியைப் போட்டு, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி இரண்டு காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். கயிறு சூட்டில் தளர்ந்துவிடும், டியூப் தளராது. பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அண்டாவுக்கு அடியில் மடித்த கோணி. வேகத்தடையில் ஒருவர் இறங்கிப் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும்.